வோட்காவில் ஆப்பிள் ஏறவில்லையா?

கேள்வி: ஆப்பிள் மார்ட்டினி செய்ய வோட்காவில் கடைச் சாறு ஊற்றினேன். இனிப்புத் தண்ணீர் போல இருந்தது. எங்கே தவறு?

பதில்: புளிப்பு இல்லாததுதான் காரணம். 1997-ல் வெஸ்ட் ஹாலிவுட்டின் லோலாஸ் உணவகத்தில் இது அறிமுகமானபோதே வோட்காவோடு சேர்த்தது புளிப்பு ஆப்பிள் லிக்கர் (பழச்சுவையூட்டிய இனிப்பு மது)தான். லிக்கர் கிடைக்காவிட்டால் பழத்தையே ஊறப்போடுங்கள். 500 மி.லி. வோட்காவுக்கு இரண்டு கிரானி ஸ்மித் பச்சை ஆப்பிள். மணம் தோலை ஒட்டியே அதிகம் என்பதால் தோலைச் சீவ வேண்டாம். மெழுகு பூசிய பழமானால் வெந்நீரில் தேய்த்துக் கழுவினால் போதும். கசக்கும் விதையையும் நடுப்பகுதியையும் நீக்கி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கண்ணாடி ஜாடியில் வெளிச்சம் படாமல் நான்கு நாள் வையுங்கள். பிறகு துணியில் வடியுங்கள். பிழிந்தால் கலங்கிவிடும். அவசரத்துக்கு அடுப்பில் மட்டும் சூடாக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

ஒரு கிளாஸுக்கு இந்த வோட்கா 60 மி.லி., ஆப்பிள் சாறு 30, எலுமிச்சைச் சாறு 10, சம அளவு சர்க்கரையும் நீரும் சேர்ந்த பாகு 10. இனிப்பு சேர்த்த டப்பா சாறு என்றால் பாகே வேண்டாம். ஷேக்கரில் பெரிய ஐஸ் கட்டிகளோடு 15 விநாடி வேகமாகக் குலுக்கி, குளிர்ந்த கிளாஸில் வடியுங்கள். பார்களில் பார்க்கும் பளீர் பச்சை வராது. அது சாயம், விட்டுத்தள்ளுங்கள்.

கேள்வி: ஊறப்போட்டது பழுப்பாகிக் கலங்கிவிட்டது. கெட்டுப்போனதா?

பதில்: இல்லை. மேலே மிதந்த துண்டுகளில் காற்று பட்டு நிறம் மாறியிருக்கும். அடுத்த முறை ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி, துண்டுகள் முழுக்க மூழ்கும்படி பாருங்கள். கலங்கல் வேறு விஷயம்: பழத்திலுள்ள பெக்டின் மதுவில் கரையாமல் திரள்கிறது. ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, தெளிவை மட்டும் இறுத்து, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டலாம்.

கேள்வி: வோட்காவை ஃப்ரீசரில் வைத்துத்தான் கலக்கினேன். ஆனாலும் தொண்டை எரிகிறது.

பதில்: ஆனாலும் அல்ல, அதனால்தான். குலுக்கும்போது உருகும் ஐஸ் தண்ணீரும் இந்தக் கலவையில் ஒரு பங்கு. உறைகுளிர் வோட்கா ஐஸை உருகவிடாது. வெளியிலிருக்கும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். இல்லையேல் 15 மி.லி. குளிர்நீர் சேருங்கள். பொடி ஐஸ் போட்டால் நேர்மாறு, ஒரே தண்ணீர்.

கேள்வி: எலுமிச்சை வாசம் ஆப்பிளை அமுக்கிவிடுகிறதே?

பதில்: ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலம். உணவுத் தர மாலிக் அமிலப் பொடி 6 கிராமை 94 மி.லி. நீரில் கரைத்து, எலுமிச்சைக்குப் பதில் அதே 10 மி.லி. ஊற்றுங்கள். வித்தியாசம் முதல் மடக்கிலேயே தெரியும்.

கேள்வி: இது எவ்வளவு 'ஸ்ட்ராங்'?

பதில்: 60 மி.லி. வோட்காவில் சுமார் 19 கிராம் சுத்த ஆல்கஹால். சாறு எவ்வளவு கூட்டினாலும் அது குறையாது, நாக்குக்குத்தான் தெரியாது.

கேள்வி: ஷேக்கர் இல்லாமல் செய்ய வழி?

பதில்: போலந்துக்காரர்களின் 'ஷார்லோட்கா' இருக்கிறது. காட்டெருமைப் புல் ஊறிய ஜுப்ரூவ்கா வோட்கா ஒரு பங்கு, ஆப்பிள் சாறு இரண்டு பங்கு, ஐஸ், அவ்வளவே. அந்தப் புல்லின் மணம் கூமரின் என்ற வேதிப்பொருளால் வருவது. நம் பிரியாணியில் போடும் தடித்த பட்டையிலும் அது உண்டு. எனவே சாதா வோட்கா அரை லிட்டரில் விரல் நீளப் பட்டை ஒன்றை ஒரு நாள் ஊறவைத்துப் பாருங்கள்; அதே மணம் வராது, ஆனால் ஆப்பிளோடு நன்றாகவே சேரும். இரண்டாம் நாளும் விட்டுவைத்தால் மரக்கசப்பு இறங்கும்.