லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் பேய் உலவுவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பார்த்ததாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் எல்லோரும் ஒரே பேயைப் பார்க்கவில்லை. எனக்கு ஆர்வம் பிறந்ததே அதனால்தான்.

ஹைகேட் 1839-ல் திறந்த இடம். விக்டோரியா காலத்து வசதிக்காரர்கள் எகிப்தியக் கோயில் வாசல் மாதிரியெல்லாம் கட்டி ஆளைப் புதைத்தார்கள். 1960-களில் பராமரிக்கப் பணமில்லாமல் புதர் மண்டிப் போனது. அந்தப் புதருக்குள்தான் பேய்க்கதை வளர்ந்தது.

1970 பிப்ரவரியில் டேவிட் ஃபேரன்ட் என்ற இளைஞர், அந்தக் கல்லறை வாசலில் சாம்பல் நிற உருவத்தைக் கண்டேன், வேறு யாராவது பார்த்ததுண்டா என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். பதில் கடிதங்கள் வந்தன. தொப்பி வைத்த நெட்டை மனிதன், சைக்கிளில் போகும் ஆவி, வெள்ளை உடைப் பெண், கம்பிக் கதவுக்குள்ளிருந்து முறைக்கும் முகம், மணிச் சத்தம். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவே இல்லை. அப்புறம் வேறொருவர், அது ஆவி அல்ல, ஐரோப்பாவின் கிழக்கே இருந்து சவப்பெட்டியில் வந்த ரத்தக்காட்டேரி என்றார். மார்ச் 13, வெள்ளிக்கிழமை. தொலைக்காட்சியில் செய்தி வந்த அன்றே கூட்டம் மதிலேறிக் குதித்தது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். கல்லறைகளை உடைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய பெண் சடலம் ஒன்று தலையில்லாமல், கருகிய நிலையில் கிடந்தது. கல்லறைச் சின்னங்களைச் சேதப்படுத்தியது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஃபேரன்ட் 1974-ல் சிறைக்குப் போனார். தான் செய்யவில்லை என்றே சொல்லிவந்தார். செத்தவர்கள் யாரையும் தொந்தரவு செய்ததற்குச் சான்று இல்லை. உயிரோடிருந்தவர்கள் செய்ததற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது.

ஹைகேட்டில் என்னை உண்மையாகவே கலங்கவைக்கும் கதை எலிசபெத் சிடலுடையது. 1862-ல் இறந்தார். கணவர், ஓவியரும் கவிஞருமான ரொசெட்டி, துயரத்தில் தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஏழு ஆண்டு கழித்து அந்தக் கவிதைகள் வேண்டுமென்று தோன்றியது. 1869-ல் ஓர் இரவு, தீ மூட்டிய வெளிச்சத்தில் ஆட்கள் தோண்டி எடுத்தார்கள். ரொசெட்டி அங்கே வரவில்லை. சிடலின் செம்பட்டை முடி வளர்ந்து பெட்டியை நிறைத்திருந்தது என்ற கதை அப்போது கிளம்பியது. இறந்த உடலில் முடி வளராது. ஆனாலும் கதை கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியொரு காரியத்துக்கு ஏதாவது ஓர் எதிர்வினை இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதானே.

நேரில் போவதானால் ஒரு விஷயம்: நடுவே போகும் ஸ்வெயின்ஸ் லேன் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கார்ல் மார்க்ஸ் கிழக்குப் பக்கம். எகிப்திய வாசலும் சிடலின் கல்லறையும் மேற்கே. இந்தக் கதைகளுக்காகப் போகிறவர்கள் மேற்குப் பக்கத்துக்குச் சீட்டு வாங்குங்கள்.