கணினி கேள்வி – பதில்: கிராபிக்ஸ் கார்டைக் குற்றம் சொல்வதற்கு முன்

கே: ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஏழு வருஷம் ஆன 450 வாட் பவர் சப்ளை. போன மாதம் ஜிடிஎக்ஸ் 1650 கார்டைக் கழற்றிவிட்டு, ஒருவர் கை மாற்றிய ஆர்டிஎக்ஸ் 3070 போட்டேன். கேம் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கணினி பட்டென்று அணைந்து, தானே மறுபடி ஏறுகிறது. யூடியூப் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. கடையில் “கார்டு போச்சு, புதுசு வாங்குங்க” என்கிறார்கள். (செந்தூல், கோலாலம்பூர்)

ப: புதுக் கார்டுக்கான பணத்தை எடுத்துவிடாதீர்கள். பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 வெறும் 75 வாட்டில் ஓடுகிற கார்டு. ஆர்டிஎக்ஸ் 3070 தின்பது 220 வாட். என்விடியாவே அதற்கு 650 வாட் பவர் சப்ளை போடச் சொல்கிறது.

கார்டுக்கு 220, ப்ராசஸருக்கு எண்பது தொண்ணூறு, மற்றதுக்கெல்லாம் ஓர் ஐம்பது, ஆக 360 வாட்தானே, 450 போதாதா என்று கேட்பீர்கள். அந்த 220 சராசரிக் கணக்கு. 30 வரிசைக் கார்டுகள் மில்லி விநாடிக் கணக்கில் அதைத் தாண்டி எகிறி எகிறி இறங்கும். புதிய, தரமான சப்ளை அந்த எகிறலைத் தாங்கும். ஏழு வருஷம் நம் ஊர்ப் புழுக்கத்தில் வெந்த சப்ளைக்குள் கெப்பாசிட்டர்கள் சோர்ந்து போயிருக்கும். வோல்டேஜ் ஒரு கணம் தாழும், மதர்போர்டு ரீசெட் ஆகும். தானே மறுபடி ஏறுவது இதற்கான அடையாளம். சப்ளையின் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தை முழுசாகத் துண்டித்திருந்தால் பெரும்பாலும் பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் எழும்.

காசு செலவில்லாமல் சோதிக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 60க்குள் கட்டுங்கள். ஒரு மணி நேரம் ஆடுங்கள். அணையாமல் ஓடினால் மின்சாரம்தான் பிரச்சினை என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். அப்படியும் அணைந்தால் விண்டோஸின் குறிப்பேடான ஈவண்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரி கண்டிப்பாக இருக்கும். அதைப் பார்த்து அலற வேண்டாம், “முறைப்படி அணைக்காமல் அணைந்தது” என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அதன் பக்கத்தில் ‘வியா-லாக்கர் 18’ இருந்தால் சந்தேகம் ப்ராசஸர், ரேம் பக்கம் போகிறது. பயாஸை (விண்டோஸுக்கு முன் எழும் மதர்போர்டு செட்டிங்ஸ்) டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சூட்டுக் கோளாறு என்றால் பெரும்பாலும் இப்படித் திடீரென்று நிற்காது. முதலில் எஃப்பிஎஸ் விழும், ஃபேன் கத்தும், பிறகுதான் அணையும்.

இன்னொன்று. உங்கள் 3070க்கு இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் வர வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைத் தலையை இரண்டிலும் மாட்டியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். சில நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

புது சப்ளை வாங்கும்போது பெட்டி மேல் போட்ட வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான், மேலே 500 என்று அச்சடித்திருந்தாலும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது, ஆயுளைப் பற்றியது இல்லை. ஐந்து வருஷத்துக்குக் குறையாத உத்தரவாதம் உள்ள 650 வாட் வாங்குங்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால் பழைய சப்ளையின் கேபிள்களை அப்படியே மாட்டிவிடாதீர்கள். சாக்கெட் பொருந்தும், ஆனால் சப்ளை பக்கத்து ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் எஸ்எஸ்டி கருகினால் படமெல்லாம் போச்சு.

கே: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். 60தான் காட்டுகிறது. மானிட்டரை மாற்றித் தரச் சொல்லலாமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: மாற்ற வேண்டாம். கேபிள் கிராபிக்ஸ் கார்டில் மாட்டியிருக்கிறதா, மேலே மதர்போர்டு ஓட்டையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளை ஒதுக்கிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 144ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் எப்போதும் தானாக மாற்றித் தருவதில்லை.

கே: ரைசன் 5 5600ஜி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. 8 ஜிபி ரேம் இருந்தது, இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். 16 காட்டுகிறது, கேமில் வித்தியாசமே இல்லை. டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133 என்று இருக்கிறது. பெட்டியில் 3200 என்று போட்டிருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா? (கல்லூரி மாணவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

ப: யாரும் ஏமாற்றவில்லை தம்பி. டிடிஆர்4 ரேம் எதுவானாலும் முதலில் 2133 அல்லது 2400 போன்ற அடிப்படை வேகத்தில்தான் எழும்பும். பெட்டியில் இருக்கும் வேகம் வேண்டுமென்றால் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி (அசூஸ் போர்டில் டிஓசிபி) என்பதைத் திறக்க வேண்டும்.

அதற்கு முன் பக்கக் கதவைத் திறந்து ரேம் எந்தக் குழியில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு குழி உள்ள போர்டில், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. பக்கத்தில் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று போட்டிருந்தால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்துகொண்டு ஒற்றை வழிப் பாதையில் நெருக்கியடிக்கும். 5600ஜி போன்ற ப்ராசஸருக்குத் தனி வீடியோ மெமரி கிடையாது, கிராபிக்ஸும் இந்த ரேமைத்தான் கடன் வாங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2133 வேகம், ஒற்றைச் சேனல் என்றால் விநாடிக்கு 17 ஜிபி. 3200, இரட்டைச் சேனல் என்றால் 51 ஜிபி. அதே ரேம், மூன்று மடங்கு.

கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். ரேமை இரண்டு முனையிலும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு முனை மட்டும் உட்கார்ந்து திரை இருட்டாகிப் பயந்துபோகிறவர்கள் அதிகம்.

இரண்டு ரேமும் வேறு வேறு கம்பெனி என்றால் 3200இல் எழும்பாமல் போகலாம். போர்டே சில தடவை முயன்றுவிட்டு 2133க்குத் திரும்பும். திரும்பாவிட்டால் வட்ட பேட்டரியை (சிஆர்2032) ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், பயாஸ் பழைய நிலைக்கு வரும். பிறகு 3000, அதுவும் மசியாவிட்டால் 2933 வைத்து, மெம்டெஸ்ட்86 ஒரு முறை முழுசாக ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த வேகம் வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிற கிடையில், கையில் இருப்பதை ஒழுங்காக ஓட்டுவதே லாபம்.

கே: மகனுடைய கணினி ஐ5 8400. கடையில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார்கள். வேலோரண்ட் கேமைத் திறந்தால் ‘வான் 9003’ என்று வருகிறது. நண்பன் சொன்னான் என்று பயாஸில் சிஎஸ்எம் என்பதை அணைத்துவிட்டு செக்யூர் பூட்டைப் போட்டிருக்கிறான். இப்போது விண்டோஸே வரவில்லை, பயாஸ் மட்டும்தான் வருகிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா? (பட்டர்வொர்த்)

ப: போகவில்லை ஐயா. பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் எழும்பவிடும் வசதி) மறுபடி போட்டு, செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் வந்துவிடும். நண்பன் சொன்னது தப்பில்லை, வரிசைதான் தப்பு.

வேலோரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்பவிடும் காவல்) இரண்டையும் கேட்கிறது. செக்யூர் பூட்டுக்கு யுஇஎஃப்ஐ என்ற புது எழும்பு முறை வேண்டும், அதற்கு டிஸ்க் ஜிபிடி வகையில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் விண்டோஸ் 11இன் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து, பழைய எம்பிஆர் வகையிலேயே விண்டோஸ் 11ஐ ஏற்றியிருக்கிறார்கள். ஐ5 8400க்கு அந்தக் குறுக்கு வழி தேவையே இல்லை, எட்டாம் தலைமுறை இன்டெல் விண்டோஸ் 11க்குத் தகுதி உள்ளதுதான்.

டிஸ்க்கை அழிக்காமல் மாற்ற மைக்ரோசாஃப்டே கொடுக்கும் கருவி எம்பிஆர்2ஜிபிடி, விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் முக்கியமானதை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இந்தச் சாவி இல்லாமல் பயாஸில் கை வைத்தவர்கள் பட்டபாடு தனிக்கதை. அடுத்து கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கருவியின் பெயரோடு /வேலிடேட், /அலவ்ஃபுல்ஓஎஸ் என்ற இரண்டையும் சேர்த்து அடியுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்). இது சோதனை மட்டும், எதையும் மாற்றாது. தேறினால் /வேலிடேட் இடத்தில் /கன்வர்ட் போட்டு அடியுங்கள், சற்று நேரத்தில் முடிந்துவிடும். சோதனையிலேயே தோற்றால் பெரும்பாலும் டிஸ்க்கில் நான்கு பார்ட்டிஷன் இருக்கும். மூன்றுக்கு மேல் இருந்தால் கருவி ஏற்காது, வெறுமையான ஒன்றை நீக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பயாஸ். சிஎஸ்எம்மை அணைக்கவும், பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில். இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரில் இருப்பதுதான் டிபிஎம், அதைப் போடவும் (ஏஎம்டியில் எஃப்டிபிஎம்). கடைசியாக செக்யூர் பூட். போட்ட பிறகும் ‘நாட் ஆக்டிவ்’ என்று காட்டினால், அதே பக்கத்தில் ‘ரீஸ்டோர் ஃபேக்டரி கீஸ்’ அழுத்தினால் போதும்.

கே: ஏர்கான் இல்லாத அறை. ஐ5 12400எஃப், பெட்டியோடு வந்த ஃபேன். கேமில் 95 டிகிரி போகிறது. ஏர்கான் போடத்தான் வேண்டுமா? (கெப்போங்)

ப: அறையில் 32 டிகிரி என்றால், 22 டிகிரி அறையைவிட ப்ராசஸரும் ஏறக்குறைய அந்தப் பத்தைக் கூடுதலாகத்தான் காட்டும். ஆனாலும் 12400எஃப்க்கு 95 அதிகம், ஏர்கான் இல்லாமலே 80க்கு அருகில் நிற்க வேண்டும். பின்பக்கக் கதவைக் கழற்றிப் பாருங்கள். இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களும் போர்டைத் துளைத்துக்கொண்டு ஒரே அளவுக்கு எட்டிப் பார்க்கிறதா? ஒன்று மட்டும் உள்ளே பதுங்கியிருந்தால் ஃபேன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பச்சைப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட்டை நடுவில் வைத்து, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள்.

கணினி சாமி மேடை பக்கத்திலா இருக்கிறது? ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை தகடுகளில் பிசுபிசுப்பாகப் படிந்து தூசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காற்றடித்தால் மட்டும் போகாது, பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கக் கதவைத் திறந்துவைத்து ஆடும்போது ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால், பெட்டிக்குள் காற்று நுழையவில்லை. முன்னால் இழுக்க இரண்டு, பின்னால் தள்ள ஒன்று என்று ஃபேன் போடுங்கள். ஏர்கானில் ஒரு சின்னப் பங்குதான் செலவு.

கே: 500 எம்பிபிஎஸ் லைன். டோட்டா 2இல் சிங்கப்பூர் சர்வர், பகலில் பிங் 20. ராத்திரி 150க்கு எகிறி எகிறி விழுகிறது. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறலாமா? (பாயான் லெப்பாஸ்)

ப: மாறினால் பில் மாறும், பிங் (தகவல் சர்வருக்குப் போய் வரும் நேரம், மில்லி விநாடியில்) மாறாது. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி போய் வரவே 6 மில்லி விநாடி ஆகும். உங்களுக்குப் பகலில் வரும் 20 நல்ல எண். ராத்திரி என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

கமாண்ட் பிராம்ப்ட்டில் முதலில் வீட்டு ரவுட்டரையே பிங் செய்யுங்கள். கேபிளில் 1 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது. அங்கேயே 30, 80 என்று துள்ளினால் சிங்கப்பூரைக் குறை சொல்லிப் பயனில்லை, உங்கள் வைஃபைதான். கொண்டோ என்றால் மேலும் கீழும் இருபது ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், முடிந்தால் கேட்5இ கேபிள் இழுங்கள். இழுத்த பிறகு நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு 1000 காட்டுகிறதா என்று பார்க்கவும். 100 என்றால் கேபிளுக்குள் எட்டு ஒயரில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100க்கு நான்கு ஒயர் போதும், 1000க்கு எட்டும் வேண்டும். தலையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் சரி.

ரவுட்டர் வரை சுத்தமாக இருந்தால், வீட்டில் யாருடைய போனாவது ராத்திரி படங்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு வரிசை நிரம்பினால் உங்கள் கேமின் சின்னப் பொட்டலமும் அதே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். ரவுட்டரில் கியூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இருந்தால் அப்லோடை மொத்த வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டிவையுங்கள். அந்த வசதி இல்லையா? படம் ஏற்றும் நேரத்தை விடியற்காலைக்குத் தள்ளச் சொல்லி வீட்டில் பேசிப் பாருங்கள்.