பெட்டிக்குள் வெந்த ரோஜா

கேள்வி: விடியற்காலையில் ரோஜா வெட்டி, கட்டுகளைப் பாலித்தீனில் சுற்றி, கனமான அட்டைப்பெட்டியில் உடனே போட்டு விமானத்தில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்தபோது ஓரத்துப் பூ நன்றாக இருந்ததாம். நடுவில் இருந்தவை வெந்த மாதிரி, இதழெல்லாம் சாம்பல் பூஞ்சை. பெட்டியை இன்னும் தடிமனாக்கலாமா?

பதில்: வேண்டாம், இன்னும் மோசமாகும். 'உடனே' என்கிறீர்களே, அதுதான் வினை. வெட்டின பிறகும் பூ மூச்சு விடும், சூட்டைக் கக்கும். அட்டைப்பெட்டி குளிரூட்டாது, வெறும் போர்வை. உள்ளே சூடு இருந்தால் சூட்டைத்தான் காக்கும்.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஷெட்டில் முதல் வருஷம், கட்டி முடித்த பெட்டி ஒன்றைச் சந்தேகத்தில் பிரித்து நடுக்கட்டுக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. அன்று அத்தனை பெட்டியையும் பிரித்தோம்.

வெட்டியதும் காம்பைச் சுத்தமான வாளித் தண்ணீரில் நிறுத்தி, குளிர் அறையில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் விடுங்கள். இலையில் ஈரம் காய்ந்த பிறகே கட்டுங்கள்; சாம்பல் பூஞ்சைக்கு ஒரு சொட்டு போதும். பாலித்தீனை விட்டுவிட்டு, தலைப்பக்கம் மட்டும் நெளி அட்டை சுற்றினால் போதும். பெட்டியின் இரண்டு முனையிலும் துளை இருக்கட்டும். அடுக்கியபின் விசிறி வைத்து அந்தத் துளைகள் வழியே குளிர்காற்றை இழுப்போம். நடுக்கட்டில் கம்பி வெப்பமானியைச் செருகிப் பார்ப்பேன். முள் இறங்காமல் துளையை மூட விடமாட்டேன், லாரி காத்திருந்தாலும் சரி.

பூத்தலைகள் இரு முனைப்பக்கமும், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதன் மேல் குறுக்கே ஒரு மரச்சட்டம் வைத்து இறுக்குங்கள். யாராவது பெட்டியை நட்டுக்குத்தலாக நிறுத்தத்தான் போகிறார்கள். சட்டம் இல்லையென்றால் மொத்தமும் சரிந்து அடித்தலை நசுங்கும்.

கேள்வி: என் பெட்டி 12 கிலோதான். 20 கிலோவுக்குக் கட்டணம் போட்டார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை. விமானத்தில் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்கிடுவார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். உங்கள் பெட்டி 100, 40, 30 என்றால் 20 கிலோ வரும். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. அதற்காகப் பூவைத் திணிக்காதீர்கள், பெட்டி உயரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: ஆந்தூரியத்தையும் ரோஜாவோடு அதே அறையில் வைக்கலாமா?

பதில்: கூடாது. ஆந்தூரியம் வெப்பமண்டலப் பூ, 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் கறுத்துவிடும். தனி அறை, தனிப் பெட்டி.