வெலிங்டனுக்குப் போகும் தம்பிகளின் கேள்விகள்

மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் எங்கள் பயிற்சி மையத்தில் புது ஆட்களுக்கு உஸ்தாதாகவும், அதாவது பயிற்சி கொடுப்பவனாகவும் இருந்திருக்கிறேன். நாலு வருடச் சேவைக்கு அக்னிவீராக ராணுவத்துக்குத் தேர்வான தம்பிகளும் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, தமிழ்நாட்டுப் பையன் என்றால் வெலிங்டன்தானா? (சிவகாசி)

அப்படி இல்லை தம்பி. மெட்ராஸ் ரெஜிமெண்ட் கிடைத்தால்தான் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் ஹைதராபாத் அல்லது நாசிக், சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) என்றால் ஜபல்பூர் அல்லது கோவா. அழைப்புக் கடிதத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

சேர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றட்டுமா? (தேனி)

வேண்டாம். புஜம் ஏற்றிக்கொண்டு வருகிற பையன்கள்தான் முதல் மாதமே நொண்டுகிறார்கள். தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடி 60 மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள், 10 புல்-அப்ஸ் எடுத்து 40 வாங்கியிருப்பீர்கள். அது நுழைவதற்கு. உள்ளே சோதிக்கப்படுவது கால்தான். காலையில் பிடி (உடற்பயிற்சி), அப்புறம் டிரில் (அணிநடை), எங்கே போனாலும் ஓட்டம், அதுவும் பாதி நேரம் பூட்ஸில். இந்தப் பழக்கம் இல்லாத கணுக்காலும் முழங்கால் கீழெலும்பும் திடீர்ச் சுமையில் வலிக்கும், எலும்பில் மெல்லிய கீறல்கூட விழும். அதனால் இப்போதே வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி 5 கிலோமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். மேடு பள்ளமாக இருந்தால் இன்னும் நல்லது. கயிறு ஏறப் பழகுங்கள். இரவு பத்து மணிக்குப் படுத்து நாலரைக்கு எழப் பழகுங்கள். எனக்குத் தெரிந்து தண்டாலைவிட இதுதான் பலருக்குக் கஷ்டம். புரோட்டீன் டப்பாவுக்குக் காசைக் கரைக்காதீர்கள்.

எனக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. மானம் போகுமோ? (தஞ்சாவூர்)

வெலிங்டனில் உங்களோடு நிற்பவர்கள் பெரும்பாலும் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடப் பையன்கள். அவர்களிலும் பாதிப் பேருக்கு உங்கள் நிலைதான். டிரில் கட்டளை மட்டும் முதல் நாளே காதில் ஏறியாக வேண்டும்: சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (இளைப்பாறு), தாஹினே முட் (வலது பக்கம் திரும்பு), பாயே முட். பாயே என்றால் இடது. எல்லோரும் இடது பக்கம் திரும்ப நீங்கள் மட்டும் வலது பக்கம் திரும்பி அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் உஸ்தாதுக்கும் சிரிப்பு வரும், ஆனால் சிரிக்க மாட்டார். பேச்சு ஹிந்தி தானாக வந்துவிடும். புரியாததற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஆயுத வகுப்பில் அது ஆபத்து.

பையனை அடிப்பார்களா? ராத்திரி தூக்கமே வரவில்லை. (ஒரு அம்மா, திருவண்ணாமலை)

கை ஓங்க அனுமதி இல்லைம்மா. ஆனால் ரகடா, அதாவது உடம்பை வாட்டும் தண்டனை உண்டு, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். லேட்டாக வந்தால், படுக்கை சரியாக மடிக்காவிட்டால் உருளு, தவழு, தவளை மாதிரி குதி என்பார்கள். ஒருத்தன் செய்த தப்புக்கு மொத்த பிளாட்டூனும் (கூடப் பயிற்சி எடுக்கும் குழு) உருளும். அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த நாள் அவனை எழுப்பிவிட நாலு பேர் இருப்பார்கள். இது எல்லை மீறினால் பிளாட்டூன் கமாண்டரிடம் பையன் தாராளமாகச் சொல்லலாம். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், லங்கரில் (படையின் சாப்பாட்டுக் கூடம்) வயிறு நிறையப் போடுவார்கள். போன் மட்டும் எப்போதும் கையில் இருக்காது. அழைப்பு வரவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பயிற்சி எவ்வளவு காலம்? அது நாலு வருடக் கணக்கில் சேருமா? (ராணிப்பேட்டை)

சேரும். காலாட்படைக்கு 31 வாரம், அதில் முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி. முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000. நாலு வருட முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்கு 30 சதவீதம் பிடித்தது போக 21,000 கையில் வரும். நாலு வருடம் கழித்து நிரந்தரமாக எடுப்பது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. இதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

நடுவில் அடிபட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? (கரூர்)

உடனே அனுப்ப மாட்டார்கள். வெலிங்டனிலேயே ராணுவ மருத்துவமனை இருக்கிறது. பல நாள் பயிற்சி விட்டுப்போனால் அடுத்த பேட்சோடு சேர்ப்பார்கள், கூட வந்தவர்கள் முன்னால் போவதைப் பார்க்கும்போது மனசு நோகும். அதற்குப் பயந்து வலியை மறைத்து ஓடுகிறவன்தான் கடைசியில் நிஜமாகவே வெளியே போகிறான். வலித்த அன்றே சொல்லுங்கள்.

பெண்கள் சேரலாமா சார்? (நாகர்கோவில்)

சேரலாம்மா, ராணுவ போலீஸ் பிரிவில். பயிற்சி பெங்களூருவில். 2021 மே மாதம் 83 பெண்கள் அங்கே முதல் அணியாகப் பயிற்சி முடித்தார்கள்.

ஒருவர் பணம் கொடுத்தால் வெலிங்டன் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

போலீஸில் சொல்லுங்கள்.

பயிற்சி முடிவில் நடக்கும் கசம் பரேடுக்கு நாங்கள் கட்டாயம் வரணுமா? கூலி வேலை, இரண்டு நாள் போய்விடும். (ஒரு அப்பா, பெரம்பலூர்)

கட்டாயம் இல்லை அண்ணாச்சி. ஆனால் முடிந்தால் வாருங்கள். பையன் அன்றுதான் உறுதிமொழி எடுத்து முழுச் சிப்பாய் ஆகிறான். பல மையங்களில் பெற்றோருக்குப் பதக்கம் அணிவிக்கும் வழக்கமும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு பஸ் இருக்கிறது. ஊர் 1,800 மீட்டருக்கு மேல், விடியற்காலை அணிவகுப்பு மைதானத்தில் பல் தந்தியடிக்கும். வீட்டம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள்.