குழந்தை முகம் காட்டும் செயலி: எந்தப் படம் சரி?

இரண்டுமே சரியில்லை. கணவன் மனைவி உங்கள் இருவர் படத்தையும் செயலியில் போட்டால், பிறக்கப்போகும் குழந்தையின் முகம் ஒருமுறை மாநிறமாகவும் மறுமுறை வெள்ளைவெளேர் என்றும் வருகிறது என்றீர்கள். பெரும்பாலும் அது வெளிச்சத்தின் வேலை. செயலிக்கு உங்கள் மரபணு தெரியாது. படத்தில் தெரியும் நிறத்தையும் சாயலையும் கலந்து ஒரு முகம் வரைகிறது, அவ்வளவுதான். ஜன்னலோர செல்ஃபிக்கு ஒரு பிள்ளை, டியூப்லைட் செல்ஃபிக்கு இன்னொரு பிள்ளை!

சந்தேகம் இருந்தால் உங்கள் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைப் போட்டுப் பாருங்கள். உங்கள் முகம் வருகிறதா? அப்புறம் கூடப்பிறந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன; ஒரே வீட்டில் ஒருவர் அம்மா நிறம், ஒருவர் தாத்தா நிறம் என்று இருப்பது அதனால்தான்.

மாமியார் தரும் குங்குமப்பூப் பால்? ஓரிரண்டு இழை போட்டு ருசிக்குக் குடிக்கலாம். நிறத்தை மாற்றாது.

ஒன்று மட்டும்: பிறந்த அன்று தெரியும் நிறமும் நிலைக்காது, வரும் மாதங்களில் மாறும். காது மடலைப் பார்த்துப் பாட்டிமார் சொல்லும் ஜோசியம் வேறு நடக்கும், நடக்கட்டும். ஆனால் தோலோ கண்ணின் வெள்ளைப் பகுதியோ மஞ்சளாகத் தெரிந்தால், ‘நல்ல சிவப்பு’ என்று விட்டுவிடாமல் உடனே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.