கடைசி வீடு விற்ற பிறகு

கேள்வி: வீடு கட்டி விற்கும் ஒரு நிறுவனம் எங்கள் பிள்ளைகளின் கால்பந்து அணிக்கு ஸ்பான்சர் செய்கிறது. பள்ளி விழாவுக்கும் நன்கொடை தருகிறது. கட்டுமான நிறுவனங்களை எப்போதும் திட்டும் நீங்கள் இதையாவது பாராட்டக் கூடாதா?

பதில்: பாராட்டுகிறேன். கிழிந்த பனியனோடு ஆடிய பிள்ளைக்கு ஜெர்சி கிடைப்பது பெரிய விஷயம். அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் 'ஸ்பான்சர்' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் விட மனம் வரவில்லை.

லத்தீன் சொல் அது. வாக்குக் கொடுத்தவர் என்று பொருள். இன்னொருவர் கடனுக்குப் பிணை நிற்பவரை ரோமானியர்கள் அப்படி அழைத்தார்கள். பிறகு திருமுழுக்கின்போது குழந்தைக்காக உறுதிமொழி சொல்லும் ஞானத்தகப்பனுக்கும் ஞானத்தாய்க்கும் அந்தப் பெயர் வந்தது. குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை கூடவே நிற்க வேண்டிய பொறுப்பு அது. காசு கொடுத்துப் பெயரைப் போட்டுக்கொள்வது என்ற பொருள் வெகு காலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

கூடவே நிற்பதில்தான் வீட்டு வியாபாரம் இடறுகிறது. சோப்பு விற்பவர் நாளைக்கும் அதே தெருவில் சோப்பு விற்க வேண்டும். வீடு கட்டி விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடைசி வீட்டின் சாவியைக் கொடுத்ததும் விற்பனை அலுவலகத்தைப் பூட்டிவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடுவார். அணிக்கு வந்துகொண்டிருந்த பணமும் பெரும்பாலும் அவரோடு போய்விடும். வாடகைக்கு விட்டுக் கட்டடத்தைத் தன் கையிலேயே வைத்திருக்கும் நிறுவனம் அப்படி இல்லை. அக்கம்பக்கம் கெட்டால் அதன் வாடகையும் கெடும். ஆகவே கொடுப்பவர் யார் என்பதைவிட, எத்தனை வருஷம் அங்கே இருக்கப் போகிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

என் பழைய சண்டை பராமரிப்பைப் பற்றியது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பூங்காவில் நான் வழக்கமாக உட்கார்ந்த பெஞ்சு, ஒரு நிறுவனத்தின் அன்பளிப்பு. முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தகடு, அதில் நிறுவனத்தின் பெயர், நாலு மூலையிலும் நாலு திருகாணி. இரண்டாம் மழைக்காலத்தில் உட்காரும் பலகை ஒன்று உளுத்து உடைந்தது. பிறகு அடுத்ததும் போனது. தகடு மட்டும் கடைசிவரை அசையவில்லை. பலகை மாற்ற யாரைக் கேட்பது என்று அங்கிருந்த காவலாளிக்கும் தெரியவில்லை. கொடுத்த அன்றைக்கே அதை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த பெஞ்சில் தினமும் காலையில் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார். அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

இதை யோசித்தவர்களும் உண்டு. அமெரிக்க எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். கட்டடத்துக்குத்தான் பணம். நிலத்தை ஊரே தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். கறாரான மனிதர், அவருடைய ஆலையில் வேலை செய்தவர்களுக்கு அவர்மேல் நியாயமான கோபம் இருந்தது. ஆனாலும் திறப்பு விழாவுக்கு மறுநாள் விளக்கு எரிவது யார் செலவில் என்பதை முன்கூட்டியே கேட்டவர். சாக்லேட் நிறுவனம் நடத்திய ஜார்ஜ் கேட்பரி இன்னும் ஒரு படி மேலே போனார். இங்கிலாந்தில் தான் உருவாக்கிய போர்ன்வில் குடியிருப்பை 1900-இல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, அதன் வருமானம் தனக்குத் திரும்பி வராதபடி செய்தார். அந்த அறக்கட்டளை இன்றும் அந்த வீடுகளைக் கவனித்து வருகிறது. நிலம் கையில் இருக்கும் ஒருவர் செய்யக்கூடிய கொடை இதுதான்.

'குறியெதிர்ப்பை' என்று நம்மிடம் ஓர் அழகான சொல் உண்டு. அளந்து வாங்கியதை அதே அளவு திருப்பிக் கொடுப்பது. ஜெர்சியில் பெயர் போட்டுக்கொண்டு பணம் கொடுப்பது அந்த வகை. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, நேர்மையான கொடுக்கல் வாங்கல். நன்கொடை என்ற பெயரை மட்டும் அதற்குச் சூட்டக் கூடாது. இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் 2% சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்ற விதிகளும் இதைப் பிரித்தே வைத்திருக்கின்றன: தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நல்ல பள்ளி, விளையாட்டுத் திடல், சண்டை சச்சரவில்லாத அக்கம்பக்கம், இவை இருப்பதால்தான் அந்த வீடுகள் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றை உண்டாக்கியவர்கள் அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள். அவர்களுக்கு வருவதில் ஒரு பகுதி, கொடுத்த கடன் திரும்பி வருவதுதான்.

சரி, உங்கள் அணிக்கு வருவோம். ஜெர்சியை நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே மூன்று வருஷத்துக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கேளுங்கள். நிறுத்துவதானால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். திடலுக்குத் தண்ணீர், வலை, பந்து, பயிற்சியாளரின் போக்குவரத்துச் செலவு, இவற்றுக்கென்று தனியாக ஒரு தொகை கேளுங்கள். போட்டோவில் வராத செலவுகள் இவைதான், அணி கலைந்துபோவதும் இவை இல்லாமல்தான். விற்காமல் கிடக்கும் தரைத்தள அறை ஒன்று இருந்தால், மழை நாளில் பிள்ளைகள் ஒன்றுகூடுவதற்கு அதன் சாவியையும் கேளுங்கள்.

அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். சம்மதித்தால், அடுத்த இதழில் இதே இடத்தில் மனம் நிறையப் பாராட்டி எழுதுகிறேன்.