ஸ்கோலின் போட்ட பிறகு மூச்சு வரவில்லை, ஏன்?

கேள்வி: என் தம்பிக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்தும் நாலு மணி நேரம் தானாக மூச்சு வரவில்லை, வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்சைம் இல்லையாம். நரம்பின் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை உடைப்பதே அதுதான் என்று படித்தேன். அப்படியானால் அவன் நரம்பு, மூளை எல்லாம் கெட்டுவிடுமா? நாங்கள் ஆரிய வைசியர், எனக்கும் இருக்குமா?

பதில்: கெடாது, பயப்படாதீர்கள். நீங்கள் படித்ததும் சரி, டாக்டர்கள் சொன்னதும் சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு என்சைம்கள். நரம்பும் தசையும் சேரும் இடத்தில் அசிட்டைல்கோலினை உடைப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ், நொடிக்கு ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளும். அது தம்பிக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை வருஷம் ஓடியாடித் திரிந்திருக்கவே முடியாது. அவருக்கு இல்லாதது கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிற பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். அது இல்லாமலேயே ஒருவர் ஆயுசு முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம், ஸ்கோலின் ஊசி போடும்வரை.

தொண்டையில் டியூப் இறக்கத் தசைகளைத் தளர்த்துவதற்குப் போடும் மருந்து ஸ்கோலின், அதாவது சக்சினைல்கோலின். இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வாலோடு வால் ஒட்டினால் கிடைப்பது அதுதான், அதனால்தான் தசையும் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இவ்வளவு நீளமானதை அசிட்டைல்கோலினெஸ்டரேஸால் உடைக்க முடிவதில்லை. அந்த என்சைம் வேலை செய்யும் இடம் ஒடுங்கிய ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது, சுவரெல்லாம் என்சைமைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்கள், அதுவும் பருத்தவை. பியூட்டிரில் வகையில் அவற்றில் பல இல்லை, உள்ளே இடம் தாராளம், பெரிய மூலக்கூறுகளும் நுழையும். ஆகவே வழக்கமாகப் போட்ட மருந்தில் பெரும்பகுதி தசைக்குப் போகும் முன்பே ரத்தத்தில் உடைந்துவிடும், மிச்சமும் 5–10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். உடைக்க ஆளில்லாவிட்டால் மணிக்கணக்கில் நிற்கும். அதுவரை வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருப்பதே சரியான வைத்தியம், அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

உங்கள் சமூகத்தில் இது மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. அந்த என்சைமில் 307ஆவது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது, செயல்பாடு கிட்டத்தட்ட பூஜ்யம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்திருந்தால்தான் இப்படி ஆகும், அந்தக் கணக்கில் உங்களுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. சீரம் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். கர்ப்பம், கல்லீரல் நோய், பூச்சிமருந்து அடித்த உடம்பு என்றாலும் அளவு குறையும், அதையும் லேபில் சொல்லுங்கள்.

தம்பியின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்கோலின், மிவாகுரியம் கூடாது' என்று எழுதி வாங்கி (மிவாகுரியமும் இதே என்சைமால் உடையும் தசை தளர்த்தும் மருந்துதான்), ஒரு நகல் பர்ஸில் இருக்கட்டும். அடுத்த முறை தசை தளர்த்த ரோகுரோனியம் என்ற வேறு மருந்து போடலாம், அதை முறிக்க சுகமடெக்ஸ் இருக்கிறது. அப்புறம், பல் பிடுங்கப் போடும் லிக்னோகெய்ன் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது கல்லீரலில் வேறு வழியாக உடைகிறது, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.